சர்ச் நடத்தும் மையத்தில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பெடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பழைய தபால்காரன் (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். ஆர்.எம்.எஸ்.-ல் (ரயில்வே தபால் பிரிவு) 34 வருஷம் சார்ட்டிங், அதாவது தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 63. இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கீசர் பற்றிக் கேட்டேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ரயில்வே லைனை ஒட்டி ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பழைய பேப்பர் பொறுக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நாற்பது பேர் இருக்கும். சுண்டலும் பாலும் கொடுக்கிறார்கள். நான் வாக்கிங் போகிற வழி அது. வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டு நின்றுவிட்டுப் போவேன். ஒருநாள் பாஸ்டரம்மா பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு அட்டை கொடுத்தார்.

அட்டையில் ஒரு சிறுமியின் போட்டோ. நான்காம் வகுப்பு, ஒன்பது வயது. அப்பா இல்லை, அம்மா சித்தாள். ‘பிடித்த பாடம்: கணக்கு. பிடித்த விளையாட்டு: பாண்டி.’ மாதம் 1,500 ரூபாய் வீதம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவரை கொடுக்க முடியுமா என்று கேட்டார். வருஷத்துக்கு இரண்டு முறை மார்க்கும் போட்டோவும் தருவார்களாம். மையத்துக்கு வந்து பார்க்கலாம், ஆனால் பிள்ளையின் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, கையில் பணம் தரக் கூடாது, அம்மாவின் போன் நம்பர் தரமாட்டார்கள். இது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?

நாங்கள் சைவக் குடும்பம். வீட்டுக்காரி, ‘படிக்க வைக்கிறதில் என்ன சாமி’ என்கிறாள். என் தம்பி, ‘நீ கொடுக்கிற காசில் மதம் மாத்துவான்’ என்கிறான். டல்லாஸில் இருக்கும் மகன், ‘பென்ஷனில் கை வைக்காதீங்க, நானே மாசா மாசம் அவங்களுக்கு அனுப்பிடறேன்’ என்கிறான்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது எனக்கு எழுபத்திரண்டு ஆகும். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டால்?

அட்டை பத்து நாளாக சாமி படத்துக்குப் பின்னால் செருகி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு (திருச்சி):

சார், அறக்கட்டளைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். காசு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செக் யார் பெயரில் எழுத வேண்டும்? சர்ச்சின் பெயரிலா, பாஸ்டர் பெயரிலா, தனியாக ஒரு டிரஸ்ட் பெயரிலா? பாஸ்டரின் சொந்தக் கணக்கு என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அது வேறு பேச்சு. சர்ச் பெயர் என்றால் உங்களுக்கு வரிச் சலுகை கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்காக என்று இருக்கும் அமைப்புக்கு 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு, கிடையாது. அதனால்தான் பல சபைகள் பிள்ளைகள் மையத்துக்கென்று தனி டிரஸ்ட் பதிவு செய்து வைத்திருக்கும். 80ஜி உள்ள டிரஸ்ட்கூட வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியங்களுக்குச் செலவு செய்யக் கூடாது. உங்கள் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்.

கொடுத்தால் வருஷ முடிவில் நன்கொடைச் சான்றுப் படிவம் கேளுங்கள். வெறும் ரசீது போதாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. நீங்கள் புது வரி முறையில் இருந்தால் 80ஜி என்ற பேச்சே இல்லை.

மகன் விஷயம்தான் முக்கியம். அவர் கையில் இன்னும் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். அந்த டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் பணம் முதலில் டெல்லி பாராளுமன்றத் தெருவில் இருக்கும் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் விதி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சபைக்கு இதெல்லாம் இருக்குமா என்பது சந்தேகம். நல்லெண்ணத்தில் அனுப்பி, அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் இரவு தங்குகிறார்களா? தங்கினால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சாயங்கால மையம் என்றால் அந்தப் பேச்சு இல்லை.

வைகைக்கரை:

ஐயா, எதுக்கு இந்தச் சுற்று வழி? அந்த அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை நீங்களே நேராகக் கட்டிவிடலாமே. நடுவில் பாஸ்டர் எதுக்கு, அட்டை எதுக்கு? போட்டோ போட்டுப் பிள்ளையை ‘எடுத்துக்கொள்ள’ச் சொல்வதே எனக்குப் பிடிக்காத விஷயம். இரக்கத்தை விற்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை தன் நிருபர்களையே ஸ்பான்சர்களாகச் சேர்த்துவிட்டுத் தேடிப் போய்ப் பார்த்ததை வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் ஒரு பெண் பிள்ளை இறந்துபோயிருந்தாள். அது தெரியாமல் காசு போய்க்கொண்டே இருந்தது. கூகுள் பண்ணிப் பாருங்கள்.

உப்பளத்துப் பெண்:

ஐயா, வணக்கம். உங்கள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற மாதிரி ஒரு அட்டையில் நானும் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் உப்பளம். 1996-ல் எனக்கு ஆறு வயது. எங்கள் ஊர்ச் சபையில் இப்படி ஒரு மையம் இருந்தது. வெளிநாட்டுப் பணம், அமைப்பின் பெயர் வேண்டாம். நாங்கள் அதை ‘புராஜெக்ட்’ என்றுதான் சொல்வோம். ‘எங்களா போற?’ ‘புராஜெக்டுக்கு.’ அந்த வார்த்தைக்கு அர்த்தம் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சேர்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்தார்கள். கூரை ஓலையா ஓடா, கக்கூஸ் உண்டா, கடன் எவ்வளவு, எல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்றார்கள். அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது. என்னை எடுத்தார்கள். போட்டோ எடுக்கிற அன்று என் பாவாடை கிழிந்திருந்ததால் டீச்சர் தன் மகளின் கவுனைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். தொளதொள என்று இருந்தது, முதுகில் இழுத்து ஊக்கு குத்தினார். ‘சிரி, ஸ்பான்சர் பாப்பாங்க’ என்கிறார், எனக்கோ ஊக்கு குத்துகிறது. அந்தப் போட்டோவில் நான் முறைத்துக்கொண்டு நிற்பேன். நெஞ்சுக்கு நேரே ஒரு பலகை, அதில் நம்பர். எங்கள் ரேஷன் கார்டு நம்பர் எனக்குத் தெரியாது. அந்த நம்பர் இன்றைக்கும் தெரியும்.

வைகைக்கரை அண்ணன் சொல்வதில் தப்பில்லை. அந்தப் பலகை எனக்கும் பிடிக்காது.

ஆனால் காசு எங்கே போனது என்று கேட்டால் சொல்கிறேன். எங்கள் கைக்கு ரூபாயாக எதுவும் வரவில்லை. நோட்டு, யூனிஃபார்ம், செருப்பு, சோப்பு. சனிக்கிழமை முழுநாள் மையம். காலையில் பாட்டு, வசனம், அப்புறம் கணக்கு, மத்தியானம் முட்டையோடு சோறு. முட்டையை அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது சட்டம். நான் பாதியைப் பிட்டு டப்பாவில் அண்ணனுக்கு எடுத்துக்கொண்டு போவேன். டீச்சருக்குத் தெரியும். நான் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் அவருக்குக் குழாயடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வருவார். எனக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற கையை உடைப்பேன் என்று அம்மாவைச் சத்தம் போட்டார். ஆறு மாதம் டீச்சரே பஸ்ஸில் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். இல்லையென்றால் இன்றைக்கு ஒரு காது கேட்காது. ஸ்கூல் ஃபீஸை நேராகக் கட்டியிருந்தால் (அரசுப் பள்ளியில் என்ன பெரிய ஃபீஸ்) அந்தப் பஸ்ஸில் என்னோடு யார் வந்திருப்பார்கள்? அம்மா ஒருநாள் அளத்துக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை.

இனி, கடிதம். வருஷத்துக்கு மூன்று கடிதம் எழுத வேண்டும். போர்டில் டீச்சர் எழுதிப் போடுவார்: ‘அன்புள்ள ஸ்பான்சர் அவர்களுக்கு, நான் நலம், நீங்கள் நலமா? எங்கள் ஊரில் வெயில் அதிகம்.’ அதைப் பார்த்து எழுதிவிட்டு, கீழே சொந்தமாக இரண்டு வரி எழுதலாம். பரிசு மட்டும் கேட்கக் கூடாது.

என் ஸ்பான்சர் அமெரிக்காவில் மினசோட்டாவில் ஒரு அம்மா. ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொம்பளை பஸ் ஓட்டுவாளா என்று அப்பாவுக்கு நம்பிக்கையே இல்லை. முதல் கடிதத்தோடு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வீட்டு வாசலில் வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக ஏதோ கிடக்கிறது, அவர் கையில் ஒரு பலகையோடு அதை வாரிக்கொண்டு நிற்கிறார். காலில் பூட்ஸ்.

வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘அவியளும் உப்பளத்துலதான் வேல பாக்காவ போல. பாவம், இந்த வயசுல.’

எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பாத்தியிலிருந்து உப்பை வாருகிற பலகை, அம்பாரம், வெறுங்காலில் நின்றால் புண் வரும் என்பதற்காகப் போட்ட பூட்ஸ். எல்லாம் சரியாக இருக்கிறதே. பூட்ஸ் கொடுக்கிற முதலாளி நல்ல முதலாளி என்று அப்பா சொன்னார். அடுத்த கடிதத்தில் என் இரண்டு வரியில் கேட்டேன்: ‘உங்கள் ஊரில் மூட்டை உப்பு என்ன விலை? மழைக்காலத்தில் உங்களுக்கும் வேலை இருக்காதா?’ டீச்சர் அதை அடிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரும் உப்பென்றே நினைத்திருப்பாரோ என்னவோ.

பதில் வர ஆறு மாதம். அதில், அது உப்பு இல்லை, ‘பனி’ என்று மொழிபெயர்த்து எழுதியிருந்தது. எங்களுக்கு இன்னும் குழப்பம். பனி என்றால் மார்கழியில் விடியற்காலை முருங்கை இலையில் நிற்பது. வெயில் வந்தால் போய்விடும். அதை எப்படிப் பலகையால் வாருவது? அம்மா கடைசிவரை நம்பவில்லை. ‘கஷ்டத்தை வெளிய சொல்லக் கூச்சப்படுதாவ’ என்று முடித்துவிட்டாள். அதிலிருந்து அம்மா கோயிலுக்குப் போனால் அவருக்கும் ஒரு கும்பிடு போடுவாள்.

மதம் பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, வசனம் மனப்பாடம் சொன்னால் டிபன் பாக்ஸ் பரிசு. 23ஆம் சங்கீதத்தைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அம்மா, ‘சாமி பாட்டுதானளா, பாடிட்டு வா’ என்றாள். எங்களை யாரும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லவில்லை. என்னோடு படித்த சிலர் பிறகு எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை, இன்றும் மாரியம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறேன். ஆனால் ஒன்று: முட்டைச் சோறு போடுகிற இடத்தில் பாடச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லாது. அது வற்புறுத்தலா என்றால் இல்லை, முழுச் சம்மதமா என்றால் அதுவும் இல்லை. பாஸ்டரம்மாவிடம் நேராகவே கேளுங்கள்: பாடாத பிள்ளைக்கும் சுண்டல் உண்டா? தயங்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

வீட்டுக்குப் போகக் கூடாது, நம்பர் தரமாட்டோம் என்றதற்கு வருத்தப்படாதீர்கள். அது உங்களைப் பார்த்துச் சொன்னது இல்லை. எங்கள் மையத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் ‘நானும் உதவி செய்கிறேன்’ என்று ஒரு அக்காவின் வீட்டுக்குப் போகவர இருந்து, ஊரில் பேச்சாகி, அந்த அக்காவைப் பத்தாவதோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். விதி போடுகிற மையம்தான் நல்ல மையம்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். கடிதம் வருகிற நாள். பெயர் வாசித்துக் கொடுப்பார்கள். சில பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர், போட்டோ, கூடவே வீட்டுக்கென்று தனிப் பணம் வந்து அதில் ஆடு வாங்கிக் கொடுப்பார்கள். சிலருக்கு ஒன்றுமே வராது. என் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு நான் இருந்தவரை ஒரு கடிதம்கூட வரவில்லை. மாதக் காசு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது, செருப்பு, நோட்டு எல்லாம் அவனுக்கும் கிடைத்தது. ஆனால் பெயர் வாசிக்க ஆரம்பித்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவான். வாசித்து முடிக்கிறவரை அடிபம்பு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எனக்கும் அந்த நிலை வந்தது. பத்தாம் வகுப்பில் இருக்கும்போது, ‘உன் ஸ்பான்சர் மாறிட்டாங்க’ என்றார் டீச்சர். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, காசு இல்லையா, இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. புது ஸ்பான்சர் ஒருவர் வந்தார், பணம் கொடுத்தார், எழுதவில்லை. படிப்பு நிற்கவில்லை. பன்னிரண்டு முடித்து லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்து இப்போது கோவில்பட்டியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும், போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று பதினாறு வயதில் பட்டது. எழுதி அனுப்பி, அலுவலகத்தில் எங்காவது கட்டோடு கிடந்ததோ என்னவோ. அதுவும் தெரியாது.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விதான் ஐயா சரியான கேள்வி. எழுபத்திரண்டு வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் நடுவில் சொல்லாமல் போகமாட்டார். மகனையோ உங்கள் வீட்டு அம்மாவையோ இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு அவர்கள் பெயரும் தெரிந்திருக்கட்டும். அப்புறம், எழுதுங்கள். நீங்கள் தபால்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வடலி (யாழ்ப்பாணம்):

தங்கச்சியின் பனிக் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். எங்கட பிள்ளைகள் கனடாவிலிருந்து வீடியோவில் பனி வாரிக் காட்டுகிற காலம் இது.

ஒரு சின்னச் செய்தி. இந்த ஸ்பான்சர் முறை புதிது இல்லை. 1816-ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்து, 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது, விடுதிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் ஆள் பிடித்துத்தான் செலவைப் பார்த்தார்கள். காசு கொடுத்தவர் சொன்ன பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்றெல்லாம் பெயர்கள் இருப்பது அந்த வழக்கத்தால்தான். கறல் விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர். பெயரையே மாற்றினார்கள், படிப்பையும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேணும். இப்போது நம்பர் போட்ட பலகை மட்டும் என்றால் முன்னேற்றம்தான்.

வைகைக்கரை:

சரி, அந்தக் காது விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. போட்டோ பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

பேரேடு:

இந்த மாதிரி உதவியால் பலன் உண்டா என்பதற்குப் பதில் கொஞ்சம் இருக்கிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் வைடிக், கிளெவ்வே, ரட்லெட்ஜ் என்று மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய விவரங்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். கம்பேஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பின் ஸ்பான்சர் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி. இந்தியாவும் அதில் ஒன்று. ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகள் சராசரியாக ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம்வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களும் அவர்களில் அதிகம். பெரிய மாயம் ஒன்றும் இல்லை, ஆனால் கணிசம்.

அதே அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போனது. உள்துறை அமைச்சகம் அவர்களை முன் அனுமதிப் பட்டியலில் வைத்துவிட்டதால் வெளிநாட்டுப் பணம் உள்ளே வரவில்லை. 1968-லிருந்து இங்கே இருந்தவர்கள். கிட்டத்தட்ட 1.45 லட்சம் பிள்ளைகள், 589 மையங்கள். யார் பக்கம் நியாயம் என்று இங்கே அடித்துக்கொள்ள வேண்டாம், நிர்வாகி இழையைப் பூட்டிவிடுவார். நான் சொல்ல வருவது, அதற்குப் பிறகு இந்த மாதிரிச் சின்ன மையங்கள் பல உள்ளூர்க் காசைத்தான் நம்பி நிற்கின்றன. தபால்கார சாருக்கு அட்டை வந்ததும் அப்படித்தான் இருக்கும்.

சார், இன்னொன்றும் பாருங்கள். அப்பா இல்லாத பிள்ளை என்கிறீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நகர்ப்புறத்தில் குடும்ப வருமானம் வருஷம் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாநில அரசின் ‘அன்புக் கரங்கள்’ 2025 செப்டம்பரில் வந்தது, மாதம் 2,000. இவற்றில் எதற்கு இந்தப் பிள்ளை தகுதி என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். மையம் அந்த அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள். 1,500-ஐவிட அது பெரிய உதவி.

பழைய தபால்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும்.

பாஸ்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டேன். செக் யார் பெயரில் என்றதும் அலமாரியிலிருந்து டிரஸ்ட் பத்திரத்தையே எடுத்து வைத்துவிட்டார். தனி டிரஸ்ட் இருக்கிறது, 80ஜி இருக்கிறது, எஃப்சிஆர்ஏ இல்லை. மகன் போன வருஷம்தான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினான். ‘அப்போ உன் டாலர் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபம் அவனுக்கு.

பாடாத பிள்ளைக்குச் சுண்டல் உண்டா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். ‘சார், பாடுற பிள்ளைங்களைவிட அதுங்கதான் ரெண்டாவது தடவை வந்து வாங்கும்’ என்றார். தயங்கவில்லை. என் தம்பி இதையும் நம்பமாட்டான், அவனோடு பேசிப் பயனில்லை.

மனு எழுதவில்லை. எழுதத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. பிள்ளையின் அப்பாவுடைய இறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. அதை மாற்ற இரண்டு தடவை அலைந்தாயிற்று. 34 வருஷம் அரசாங்க வேலை பார்த்தவனுக்கே நாக்குத் தள்ளுகிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவள் எப்படி அலைவாள் என்று இப்போதுதான் புரிகிறது. முடித்துவிடுவேன்.

பணம் என் கணக்கிலிருந்தே போகிறது. வீட்டுக்காரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்தாள். என்னைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரியிடம் மட்டும் வளையல் எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

உப்பளத்துத் தங்கச்சிக்கு: எழுதினேன் அம்மா. மையம் நடந்து போகிற தூரம்தான், ஆனாலும் இன்லேண்ட் லெட்டர் வாங்கித் தபாலிலேயே போட்டேன். இரண்டரை ரூபாய். பிள்ளையின் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, புறம்போக்கு. அதனால் மையத்தின் முகவரி. பதில் எழுத இன்னொரு இன்லேண்டை உள்ளே மடித்து வைக்கக் கூடாது என்பது விதி, அதைத் தனியாகப் பாஸ்டரம்மாவிடம் கொடுத்தேன்.

நேற்றுப் பதில் வந்தது. ஆறு வரி. நான்கு வரி நிச்சயமாக யாரோ போர்டில் எழுதிப் போட்டது. கடைசி இரண்டு வரி அவளுடையது: ‘உங்கள் லெட்டரை ஒட்டியிருந்த இடத்தில் கிழித்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது?’

மேலே 625-க்குப் பதில் 652 என்று பின்கோடு போட்டிருந்தாள். வந்து சேர்ந்துவிட்டது. சார்ட்டிங்கில் இன்னும் நம்ம ஆள் யாரோ இருக்கிறான்.